டாங்கோவுக்கு வந்த ஐஸ் பெட்டி

ஆளை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்திவிடுவது எங்கள் யார்டில் தினமும் நடக்கிற காரியம். பயப்பட வேண்டாம், அது பரிசோதனை. திருவொற்றியூர்ப் பக்கம் கப்பலிலிருந்து இறங்கிய கன்டெய்னர்களைப் பழுதுபார்க்கிற இடத்தில் எனக்கு வேலை. பெட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான். ஒருத்தன் உள்ளே போகணும், இன்னொருத்தன் வெளியே கதவைச் சாத்தணும், உள்ளே இருக்கிறவன் கும்மிருட்டில் நின்றுகொண்டு எங்கிருந்து வெளிச்சம் எட்டிப் பார்க்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடணும். துருப்பிடித்த பெட்டியென்றால் உள்ளே வானம் மாதிரி இருக்கும். அந்த நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக வெல்டிங் வைத்து அடைப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

அப்படி ஒரு பெட்டிக்குள் நின்றபோதுதான் டாங்கோ என்னிடம் வந்தது.

சட்டைப் பையில் போன் பாடிக்கொண்டிருக்கும். ஒரு கானாப் பாட்டு முடிந்தால் போனே தன் இஷ்டத்துக்கு அடுத்ததைப் போடும். கதவு சாத்தியதும் சிக்னல் அறுந்துவிடும்; அந்த நேரத்தில் எந்தப் பாட்டு மாட்டியதோ அதுதான் கதி. அன்றைக்கு மாட்டியது பாட்டே இல்லை, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மாற்றலாம் என்றால் கையில் கிளவுஸ், விரலில் சாக்பீஸ், உள்ளே அடுப்பு வெக்கை. சரி, வந்தது வரட்டும் என்று நின்றேன்.

முதலில் யாரோ கனத்த ஆள் வெறுங்காலில் மாடியில் நடப்பது போல ஒரு சத்தம். தடித்த தந்தியை விரலால் இழுத்துவிடுகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதன்மேல் ஏதோ ஒன்று மூச்சு வாங்கியது. ஆர்மோனியத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி அது. மடிப்பு மடிப்பான பெட்டி, இரண்டு பக்கமும் பொத்தான், மடியில் வைத்து இழுத்து அமுக்குவார்கள். அது பாடாது, பெருமூச்சுதான் விடும். பிறகு வயலின் வந்தது. கொஞ்ச நேரம் ஒழுங்காக அழுதுவிட்டு, திடீரென்று துருவின்மேல் கம்பி பிரஷ் போடுகிற சத்தத்தை எழுப்பியது. நான் திரும்பிப் பார்த்தேன். என் வேலையை வேறு யாரோ செய்கிறார்களோ என்று! அப்புறம் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோனது. முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த பெட்டி மெல்ல மூச்சை விட, எல்லோரும் சண்டைக்குப் புறப்பட்ட மாதிரி மறுபடியும் கிளம்பினார்கள். இரும்புப் பெட்டிக்குள் ஒவ்வொரு சத்தமும் இரண்டு முறை கேட்டது. ஒருமுறை பையிலிருந்து, ஒருமுறை சுவரிலிருந்து.

என் தோஸ்து கதவைத் திறந்தபோது நான் ஒரு வட்டம்கூடப் போடாமல் நின்றிருந்தேன்.

"இன்னா மாமு, உள்ள தூங்கிகினு கீறியா?"

"பாட்டு கேட்டேன்பா. நீயும் கேளு."

அவன் என் பையில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டான். "பல்லு வலியோட கல்யாணத்துக்குப் போன மாரி கீதுபா," என்றான்.

அதற்கப்புறம் இந்த இசையைப் பற்றி எவ்வளவோ பார்த்தேன், படித்தேன். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் அனுப்பிவிட்டது, மீதியை போன்தான் சொல்லித்தருகிறது. அவன் சொன்னதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. டாங்கோ என்பது கடல் தாண்டி எங்கோ தூர தேசத்து ஊர் ஒன்றில் ஆட்கள் நன்றாக உடுத்திக்கொண்டு ஜோடி சேர்ந்து ஆடுகிற ஆட்டத்துக்கான இசை. கல்யாண வீடு மாதிரி. அப்புறம் வந்தவர்கள் அதில் ஐரோப்பியச் சங்கீதத்தின் எழுதிவைத்த கணக்கைக் கொண்டுவந்தார்கள், ஜாஸ்காரர்களின் ஊர்சுற்றலையும் சேர்த்தார்கள், கல்யாண வீட்டுக்குப் பல்வலி வந்துவிட்டது. இதற்குக் காலெடுத்து ஆட முடியாது, இது டாங்கோவே இல்லை என்று பழைய ஆட்கள் அங்கே சண்டைக்கே போனார்களாம். கானாவில் கீபோர்டு வந்தபோது எங்கள் பக்கம் நடந்த சண்டைதான்.

எழுதிவைத்த கணக்கு என்றால் என்ன? ஒரு வாத்தியம் ஒரு வரியைச் சொல்லும். அது முடிவதற்குள் இரண்டாவது வாத்தியம் அதே வரியை ஆரம்பிக்கும். அப்புறம் மூன்றாவது. எங்கள் குழாயடியில் தண்ணீர் வராத அன்றைக்குக் கேட்டுப்பாருங்கள்: ஒருத்தி தொடங்கிய வசவையே அடுத்தவள் கொஞ்சம் தள்ளித் தொடங்குவாள், யாரும் யாருக்காகவும் நிறுத்த மாட்டார்கள், ஆனாலும் ஒரு சொல் வீணாகாது. ஜாஸ் பங்கு என்றால் என் மாமனார் பால் வாங்கப் போவது போல. திரும்பி வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். எந்தச் சந்து வழியாக என்று அவருக்கே தெரியாது. தாளம் மூணு, மூணு, ரெண்டு. சாவு மேளத்துக்கு ஆடுகிறவன் கால் விழுகிற கணக்கும் ஏறக்குறைய இதுதான். இதை நான் அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அந்த ஊரும் துறைமுகந்தான். ஒரு படத்தில் பார்த்தேன், தகர வீடுகளுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு நிறம். கப்பலுக்கு அடித்து மிச்சமான பெயின்டாம். ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் வீடு. அதன் கதவும் கன்டெய்னர் நீலம். அந்த இசை நம்ம ஆட்களுக்குப் பிடிக்காமல் யாருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. முனை சலூன்காரர், "டிரைவர் ரிவர்ஸ் எடுக்க சொல்லோ அழுவுற மாரி கீது," என்றார். டீக்கடையில், "பாட்டே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள சண்டையா?" என்று கேட்டார்கள். என் மனைவி ஒரே வரியில் முடித்தாள்: "யாரோ பூனைக்கு இஸ்திரி போட்றாங்க." எல்லாமே பிரமாதமாகச் சொல்லப்பட்டவை. கேட்டவர்கள் இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார்களே என்று எனக்கு உள்ளூர ஆனந்தம்.

பிரச்சினை என் ஸ்பீக்கரால் வந்தது. கன்டெய்னருக்குள் தரையாகப் போடுகிற பலகை நல்ல கனம். கழித்துப்போட்ட பலகையில் நானே ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்தேன். என் நெஞ்சுயரம். எங்கள் ஒற்றை அறையில் காலியாக இருந்த ஒரே மூலையில் அது நின்றது. அதே மூலையில் என் மனைவியின் கண்ணும் நின்றது. அவள் தம்பி தன்னுடைய பழைய வாஷிங் மெஷினைத் தருவதாகச் சொல்லியிருந்தான்.

"பெட்டியா, மெஷினா, நீயே சொல்லு," என்றாள்.

"கேக்க ஆள் இல்லாததால அப்டி சொல்ற. தெருவே கேட்டா?"

"சரி. ஞாயித்துக்கெழம நல்லா கேக்குற மாரி போடு. நீயா போய்க் கேக்கக் கூடாது. யாராச்சும் ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, தானா வாயத் தொறந்து 'இன்னொரு தபா போடு'ன்னு சொல்லட்டும். பெட்டி இருக்கட்டும். இல்லன்னா மத்தியானம் சோத்துக்கு முன்னால பெட்டி வெளிய, மெஷின் உள்ள."

என் மாமனார் சாட்சி. துறைமுக ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று எங்களோடு இருக்கிறார். போன மாதம்தான் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். "ஞாயமான பந்தயம்," என்று தீர்ப்பு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி சர்ச் பூசைக்குப் போய்விட்டு அப்படியே காசிமேட்டில் மீன் வாங்கப் போனாள். மாமனார் முகம் மழிக்க சலூனுக்குப் போனார். வீட்டுக்குள் போட்டால் பாத்திரமெல்லாம் சேர்ந்து தாளம் போடும் என்பதால் பெட்டியை வாசலில் தெருவைப் பார்க்க வைத்தேன். அந்த இரும்புப் பெட்டிக்குள் கேட்டேனே, அதையே போட்டேன்.

எதிர்வீட்டு டி.வி. சட்டென்று நின்றது. டீக்கடையில் பாடிக்கொண்டிருந்த பாட்டும் நின்றது. எனக்குப் புல்லரித்தது. மரியாதை என்றால் இதுவல்லவா!

எதிர்வீட்டு ரயில்வேக்காரர், வழக்கமாகப் பனியனோடு இருப்பவர், சட்டையைப் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டே இறங்கி வந்தார். இரண்டு கையையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார். நானும் நெகிழ்ந்துபோய் அவர் கையைத் தொட்டேன். படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து இரண்டு பேர். அவர்களும் கையை நீட்டினார்கள், தொட்டேன், உட்கார்ந்தார்கள். உட்கார இடம் போதவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கூப்பிடாமலே, வாடகைச் சாமான் கடைக்காரர் மூன்றுசக்கர வண்டி நிறையப் பிளாஸ்டிக் நாற்காலிகளோடு வந்தார்.

"எவ்ளோணா ஆவும்?"

"அத்தெல்லாம் அப்பால பேசிக்கலாம் நைனா. மொதல்ல நீ தெம்பா இரு."

நான் தெம்பாகத்தான் இருந்தேன். அப்படி ஒரு தெம்பு என் வாழ்க்கையில் வந்ததில்லை. கோயில் அன்பியத்து, அதாவது தெருச் செபக்கூட்டத்துப் பெண்கள் தலையில் முக்காடோடு வந்து வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். விரல்கள் செபமாலையை நகர்த்திக்கொண்டிருந்தன. தாளம் போடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். யாரோ ஷாமியானா கட்டினார்கள். வெயிலில் நின்று கேட்கக் கூடாதாம், எவ்வளவு பெரிய மனசு! பாட்டு முடிந்தால் சிலர் எழுந்து, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்கள். அந்த மௌனம்கூடப் பெரிய சபைகளில் இருக்கும் ஒழுக்கமாகத்தான் எனக்குத் தெரிந்தது. நான் அடுத்ததைப் போட்டேன். 'இன்னொரு தபா' மட்டும் யாரும் சொல்லவில்லை. பரவாயில்லை, நேரம் இருக்கிறது.

ரயில்வேக்காரர் என் தோளைத் தட்டினார். "நல்ல மனுசன்," என்றார். பாட்டைக் கட்டியவரைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஆமா சார். ஊருலதான் யாரும் மதிக்கல."

"நாம மதிச்சோமா? எத்தினி நாளு கண்டுக்காம பூட்ருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இவ்வளவு ஆழமாகக் கேட்கிற ஆள் எதிர்வீட்டிலேயே இருந்திருக்கிறாரே என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு வேன் சந்துக்குள் பின்பக்கமாக நுழைந்தது. இரண்டு ஆட்கள் குதித்து, கண்ணாடி மூடி போட்ட நீளமான ஐஸ் பெட்டியை இறக்கினார்கள். செத்தவர்களை உறவுக்காரர்கள் வரும்வரை வைப்பார்களே, அந்தப் பெட்டி.

"பாடி எங்கணா கீது?"

"எந்த பாடி?"

"பிளக் பாயின்ட்டாவது எங்க கீதுன்னு சொல்லு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடம்பெல்லாம் உறைந்தது, ஐஸ் பெட்டி தேவைப்படவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னால்தான் புரியும். சாவு விழுந்தால் வாசலில் பெரிய ஸ்பீக்கரை வைத்துச் சோகமாக எதையாவது ஒலிக்கவிடுவார்கள். அதுதான் சேதி. கேட்டவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கையை நீட்டணும், உட்காரணும். "யாரு?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் அந்நியன் ஆகிவிடுவான்; தெருக்காரன் என்றால் தெரிந்திருக்கணும். அதனால் ஒருத்தரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த என் மாமனார் காலையிலிருந்து கண்ணில் படவில்லை, மனைவியையும் காணோம், நான் வாசலில் நனைந்த கண்ணோடு நிற்கிறேன். கணக்கு அவர்களுக்குச் சுலபமாக வந்துவிட்டது.

எழுந்து நின்று உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சந்து முனையிலிருந்து ஒரு குரல் என்னை முந்திக்கொண்டது. காசிமேட்டில் மீன் விற்கிற அக்கா. ஒப்பாரி வைப்பதில் அவரை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. கொண்டையை அவிழ்த்துக்கொண்டே வந்தார்.

இனி நடந்ததைப் பிறகு மனைவி, மாமனார் இருவர் வாயாலும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் மனைவி மீன் பையோடு சந்துக்குள் திரும்புகிறாள். ஷாமியானா தெரிகிறது, ஐஸ் பெட்டி தெரிகிறது. "நைனா!" என்று அலறிவிட்டாள். அவளுக்குப் பின்னாலிருந்து, "இன்னாம்மா?" என்று நைனா கேட்டார்.

மாமனார் சலூனில் பாதி முகம் மழித்த நிலையில் இருந்தபோது, "உங்க லைன் வூட்ல சாவாம், வயசானவராம்," என்று யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். நம் வீட்டில் நம்மைவிட வயதானவர் யார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறார். பிடிபடவில்லை. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு பக்கக் கன்னத்தில் சோப்போடு எழுந்து, பக்கத்துக் கடையில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். பிறகு மெதுவாக விலகி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வீட்டில் மீதி இருப்பது ஒரே ஆள்.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அழுது வந்ததை நான் என் காதால் கேட்டேன். "என் ராசா, பூட்டியா! மெஷினு கேட்டேனே பாவி! அந்தப் பெட்டி மூலையில இருந்துட்டுப் போவட்டும்னு உட்ருக்கக் கூடாதா! இனிமே அது அங்கயே கெடக்கட்டும், நான் தொட மாட்டேன்!"

"நெஜமாவா?" என்று நான் கேட்டுவிட்டேன். தவறான நேரம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை எந்த வெல்டிங்காலும் அடைக்க முடியாது. அடுத்த கணம் மீன் பை என் தலைமேல் விழுந்தது. சங்கரா மீன்கள் சந்து முழுக்கச் சிதறின.

உண்மை தெரிந்ததும் தெரு இரண்டாகப் பிரிந்தது. சிரித்தவர்கள் ஒரு பக்கம், சட்டை மாட்டியது வீணானவர்கள் ஒரு பக்கம். "சாவாம இருக்கறதுக்கு இவ்ளோ சத்தமாயா?" என்றார் ரயில்வேக்காரர். "அப்ப நான் நல்ல மனுசன்னு சொன்னது?"

"அது பாட்டுக்காரருக்குப் போய்ச் சேந்துச்சு சார்."

என் மாமனார் விடவில்லை. "என்னத்தான சொன்ன? சொன்னத வாபஸ் வாங்காத," என்று அவர் பக்கத்து நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்தார். பாதி முகம் பளபளப்பு, பாதி முகம் நரை. இடப்பக்கம் இருந்தவர்களுக்கு உயிரோடும், வலப்பக்கம் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் சந்தேகமாகவும் தெரிந்தார்.

யாரையும் திருப்பி அனுப்ப முடியவில்லை. சாவுக்கு வாங்கிய மாலையை மறுபடி வீட்டுக்குள் எடுத்துப் போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. யாருக்காவது போட்டாக வேண்டும். உயிரோடு இருப்பவனுக்குப் போடவும் பயம். கடைசியில் ஒவ்வொருவராக வந்து ஸ்பீக்கருக்குப் போட்டார்கள். என் பெட்டி செத்துப்போன மாதிரி மாலைக்குள் மூழ்கி நின்றது. ஐஸ் பெட்டிக்காரர், இறக்கிய பெட்டியைக் காலியாக ஏற்றினால் தொழிலுக்கு ஆகாது என்றார். அதில் டீக்கடையிலிருந்து பன்னீர் சோடாவை அடுக்கிக் கரண்ட் கொடுத்தார்கள். வெயிலுக்கு நன்றாகத்தான் இருந்தது.

மீன்கார அக்கா மட்டும் சிரிக்கவே இல்லை. "முடிய அவுத்துட்டேன். அழுவாம கட்டுனா எனக்கு ஆவாது," என்றார். "அந்த மூச்சு வாங்குற பெட்டி பாட்டப் போடு."

போட்டேன். அக்கா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். வயலின் ஒரு வரியைத் தொடங்கியது. அது முடிவதற்குள் அக்கா அதன் வாலைப் பிடித்துக்கொண்டார்.

"பாதி மொகம் செரைச்ச மவராசா,
மீதி மொகம் யாருக்கு வெச்சே..."

மாமனார் பெருமையோடு கன்னத்தைத் தடவிக்கொண்டார். அக்கா மார்பில் அடித்துக்கொண்டது மூணு, மூணு, ரெண்டு. யாரும் சொல்லித்தரவில்லை. அன்பியத்துப் பெண்களில் ஒருவர் இன்னும் கொஞ்சம் தள்ளி அதே வரியைப் பிடித்தார், அவர் முடிப்பதற்குள் இன்னொருவர். எங்கோ ஒரு துறைமுகத்தில் எழுதிவைத்த கணக்கும், எங்கள் குழாயடிக் கணக்கும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்கார்ந்ததை நான் மீன் செதிளோடு நின்று கேட்டேன். வாத்தியங்கள் எல்லாம் நிற்கிற இடம் வந்தது. அக்கா அதை எதிர்பார்க்கவில்லை. அவர் குரல் மட்டும் வெட்டவெளியில் தனியாக நின்றது. ஆனால் நிறுத்தவில்லை. பெட்டி மறுபடி மூச்சை விடும்வரை அந்த ஒற்றைக் குரல் தாங்கிப் பிடித்தது.

முடிந்ததும் அக்கா மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "நடுவுல உட்டுட்டான் பாரு கம்மனாட்டி. இன்னொரு தபா போடு, அந்த எடத்தப் புடிக்கிறேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். தெருவே அவளைப் பார்த்தது. பந்தயக் கதை அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

"அது செல்லாது," என்றாள். "அக்கா அவங்க ஒப்பாரிக்கோசரம் கேக்கறாங்க. பாட்டுக்கோசரம் இல்ல."

"அழுவும்போது நீ சொன்னியே, பெட்டி அங்கயே கெடக்கட்டும்னு?"

"அது செத்தவனுக்குச் சொன்னது. உனக்கு இல்ல."

சட்டம் அவள் பக்கம்தான். மத்தியானச் சோற்றுக்கும் நேரமாகிவிட்டது. நான் மாலைகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தேன். அப்போது சோடா குடித்துக்கொண்டிருந்த மாமனார் ஏப்பம் விட்டுவிட்டுச் சொன்னார்.

"மாப்ள, இன்னொரு தபா போடு. இப்ப வாணாம். நான் போற அன்னிக்கு."

சோடா குடித்துக்கொண்டிருந்தவர்கள் பாட்டிலை இறக்கிவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"இன்னா பாக்கறீங்க? தெருவே வந்துச்சா இல்லியா? சேர் வந்துச்சு, சோடா வந்துச்சு. எனக்கு இந்தப் பாட்டுதான். பெட்டிய பத்தரமா வெய்யி."

பெட்டியைச் சீக்கிரம் வெளியேற்றணும் என்று என் மனைவி இனி எப்படிக் கேட்பாள்? அப்பா சீக்கிரம் போகணும் என்று கேட்டது போல ஆகாதா? "நல்லா ஜோடி சேந்தீங்கடா மாமனும் மருமவனும்," என்று மட்டும் சொல்லிவிட்டு மிச்ச மீனைப் பொறுக்கப் போனாள். வாஷிங் மெஷின் மாடிப்படிக்குக் கீழே வந்து உட்கார்ந்தது.

அதோடு முடிந்திருக்கும். மாமனாருக்குத்தான் ஒத்திகை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்த நேரத்துக்குப் பெட்டியை வாசலில் வைக்கச் சொல்லி, "என் பாட்டப் போடு," என்பார். கண்ணை மூடிச் சாய்ந்து கேட்பார். வயலின் துருவைச் சுரண்டும் இடத்தில் மட்டும், "இங்க கொஞ்சம் கொறைக்கச் சொல்லு, வர்றவங்களுக்குப் பல்லு கூசும்," என்பார். தெரு பழகிவிட்டது. ஒருத்தரும் சட்டை மாட்டுவதில்லை.

ஒரு நாள் அவருக்கே சந்தேகம் வந்தது. "மாப்ள, வாராவாரம் கேட்டுகினா, நெஜமா போற அன்னிக்கு ஒருத்தனும் வர மாட்டானே?"

அன்று சாயங்காலம் முழுக்கத் தெருவே உட்கார்ந்து யோசித்தது. சலூன்காரர்தான் வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பாட்டு கேட்டால் பெரியவர் நலம். கேட்கவில்லையென்றால் மாலை வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டியது. வாடகைச் சாமான் கடைக்காரர் இதை மனதில் குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் டாங்கோ என்றால் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய்விட்டது.

நான் சுவரில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். மாமனார் உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ரயில்வேக்காரர் பொத்தான் மாட்டிக்கொண்டே இறங்குவதை ஜன்னல் வழியாக என் மனைவிதான் முதலில் பார்த்தாள். முனையில் பிளாஸ்டிக் நாற்காலிகளோடு மூன்றுசக்கர வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. தூரத்தில் மீன்கார அக்காவின் கை கொண்டைக்குப் போனது.

"யோவ்! பாட்டப் போடுயா!" என்று கத்தினாள். "எதுலயாவது போடு! ஜல்தி!"

போனை எடுத்து, சோற்றுக் குண்டானுக்குள் போட்டு, குண்டானை வாசலில் வைத்தேன். அலுமினியத்துக்குள்ளிருந்து அந்தக் கனத்த ஆள் வெறுங்காலில் நடக்க ஆரம்பித்தார். இரும்புப் பெட்டிக்குள் கேட்ட மாதிரியே, எல்லாச் சத்தமும் இரண்டு முறை. ரயில்வேக்காரர் படியிலேயே நின்று மேல் பொத்தானைக் கழற்றினார். அக்கா கொண்டையை இறுக்கிக்கொண்டார். வண்டி முனையிலேயே நின்றது.

"நீயே உன் வாயால போடச் சொல்லிட்ட," என்றேன்.

"சும்மா கெட," என்றாள். காதைக் குண்டான் பக்கம் வைத்திருந்தாள். "அந்த நிக்கற எடம் வரப்போவுது."

வந்தது. எல்லா வாத்தியமும் ஒரேயடியாக நின்றன. தெருவும் நின்றது. வாடகைக் கடைக்காரர் மெல்ல ஒரு காலைப் பெடலில் வைத்தார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வெளிநாட்டு மண்டபங்களில் இதை வாசித்திருப்பார்கள், அந்த இடைவெளியை இவ்வளவு பேர் இவ்வளவு கவனமாகக் கேட்டிருப்பார்களா, எனக்குத் தெரியவில்லை.

குண்டானுக்குள் பெட்டி மூச்சை விட்டது. உள்ளே மாமனார் புரண்டு படுத்தார். கடைக்காரர் நாற்காலி வண்டியை வந்த வழியே திருப்பினார்.